கடல் விட்டகன்ற கொற்கை

நுழையும்முன்

சங்கப் புலவர்கள் கடற்றுறையாகப் பாடிய ஊர் கொற்கை. பாண்டியரின் முத்து அங்கிருந்தே உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. இன்று அவ்வூருக்குச் செல்வோர் அலையோசையைக் கேட்பதில்லை. நெல்வயலும் வாழைத்தோப்பும் நீர் நிறைந்த குளமும் அவர்களை வரவேற்கின்றன. நெய்தல் நிலத்து ஊர் மருத நிலத்து ஊராக மாறியது எப்படி? அம்மாற்றத்தால் கொற்கை இழந்தது எது, பெற்றது எது? இவற்றை அறிய முயல்கிறது இப்பாடம்.

உப்பளத்திலிருந்து வயலுக்கு

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் செல்லும் சாலை, நகரைக் கடந்ததும் உப்பளங்களின் நடுவே நீள்கிறது. இருபுறமும் பாத்திகளில் கடல்நீர் தேங்கி நிற்கிறது. வரப்போரங்களில் வாரிக் குவிக்கப்பட்ட உப்பு, வெயிலில் கண்ணைக் கூசச் செய்கிறது. இந்திய மாநிலங்களுள் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு நிற்பதற்கு இப்பாத்திகளே பெரிதும் காரணம். உடைமரமும் பனையும் அல்லாத வேறு மரத்தை இங்குக் காண்பது அரிது.

பழையகாயலைக் கடந்து முக்காணியை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. வெண்மை மறைந்து பசுமை தோன்றுகிறது. வாழைத்தோட்டங்களும், அகத்தி மரங்களைப் பற்றிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களும் சாலையின் இருமருங்கும் நிற்கின்றன. ஆற்றின் தென்கரையில் உள்ள ஆத்தூரின் வெற்றிலை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. முக்காணியிலிருந்து ஏரல் செல்லும் சாலையில் மேற்கே திரும்பினால், சிறிது தொலைவில் கொற்கை. ஒருமணி நேரத்துக்குள் முடியும் இப்பயணத்தில் இரண்டு திணைகளைக் கடந்துவிடுகிறோம்.

அவ்வழியில் உமரிக்காடு என்றோர் ஊர் உண்டு. உமரி என்பது உவர்நிலத்தில், கழியோரத்துச் சேற்றில் வளரும் செடி. இன்று அவ்வூரைச் சூழ்ந்திருப்பது வாழை. உமரி செழித்திருந்த உவர்நிலம் ஒருகாலத்தில் அங்கே இருந்தது என்பதற்கு அவ்வூர்ப் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். நிலம் தன் பழைய உருவை மறந்துவிடும். பெயர் எளிதில் மறப்பதில்லை. காயல் என்னும் சொல்லும் அத்தகையதே. கடலோடு தொடர்புடைய உப்பங்கழி என்பது அதன் பொருள். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என ஒரே வட்டாரத்தில் மூன்று ஊர்கள் அச்சொல்லைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் பழையகாயல் இன்று கடற்கரையில் இல்லை.

குளக்கரை

கொற்கைக்கு வருவோரை முதலில் ஈர்ப்பது அதன் குளம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மார்கழி, தை மாதங்களில் அது நிறைந்து கிடக்கும்போது தாமரையும் அல்லியும் நீர்ப்பரப்பில் விரிந்திருக்கும். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்தபடி கட்டைகளில் அமர்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரைகள் கரையோரச் சேற்றில் நிதானமாக நடந்து இரை தேடும். தாழைக்கோழியின் குரல் கோரைப்புதரிலிருந்து எழும். கோடையில் இதே குளம் வெடித்த மண்ணாகக் கிடப்பதும் உண்டு. காலம் அறியாமல் வந்து ஏமாந்து திரும்புவோர், ஊரின்மீது குறை சொல்வதற்கில்லை.

குளத்தையொட்டி வெற்றிவேலம்மன் கோயில் அமைந்துள்ளது. அங்கு வழிபடப்படும் தெய்வம் கண்ணகியே என்பது ஊரார் நம்பிக்கை. அதற்குப் பின்னணியாக நிற்பது சிலப்பதிகாரம். மதுரையில் நெடுஞ்செழியன் உயிர்நீத்தபின், கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் அரசேற்றான். கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான் என்று அக்காப்பியம் கூறும். ஒரு பொற்கொல்லனின் பொய்க்காகத் தொடர்பற்ற ஆயிரவர் உயிர் பறிக்கப்பட்டதை நீதி என்று ஏற்க இன்றைய மனம் தயங்கும். ஆயினும் பாண்டிய இளவரசர்கள் கொற்கையில் இருந்து ஆண்டனர் என்னும் செய்தியை அக்கதை நமக்குத் தருகிறது.

அக்காசாலை ஈசுவரமுடையார் கோயில் என்னும் மற்றொரு கோயிலும் இவ்வூரில் உண்டு. அக்கசாலை என்பது பொன்னும் வெள்ளியும் உருக்கி வேலை செய்யும் இடம். காசு அடிக்கும் இடத்துக்கும் அப்பெயர் வழங்கிற்று. வணிகர் கூடும் துறைமுகத்தில் நாணயச்சாலை இருந்ததில் வியப்பில்லை. இறைவன் பெயரில் அத்தொழில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வியப்பு. கோயில்களைக் கண்டபின், ஊரிலுள்ள முதிய வன்னிமரத்தைப் பார்க்காமல் எவரும் திரும்புவதில்லை. அதன் அகவை ஈராயிரம் ஆண்டு என்பது ஊரார் கணக்கு. கணக்கு எப்படியாயினும், அம்மரத்தைப் பேணிக் காத்துவரும் பற்று மெய்யானது.

இத்துடன் பெரும்பாலோரின் பயணம் நிறைவுறும். குளம், கோயில், மரம், வயல் எனக் கண்டு, அமைதியான சிற்றூர் என்று கூறி அவர்கள் விடைபெறுவர். ஆனால் கொற்கையின் பெரும்பகுதி அவர்களின் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது.

மண்ணுக்கு அடியில்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல், பாண்டிய நாட்டின் முத்துக்குளிக்கும் இடமாகக் கொல்கி என்னும் ஊரைக் குறிப்பிடுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அவ்வூரைக் குறிக்கிறார். அந்தக் கொல்கி எங்கே இருந்தது என்பது பிற்கால அறிஞர்களுக்குப் புதிராயிற்று. கடற்கரையில் அப்பெயருக்கு ஒத்த ஊர் எதுவும் இல்லை. ஒத்த பெயருடைய கொற்கையோ கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவே கிடந்தது.

இப்புதிரை விடுவித்தோருள் முதன்மையானவர் இராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வாயிலாக நாம் அறிந்த அவர், இடையன்குடியில் வாழ்ந்தபோது சுற்றுவட்டார ஊர்களின் மண்ணையும் ஆராய்ந்தார். 1870களில் கொற்கையிலும் காயலிலும் அவர் சிறு அகழ்வுகளை மேற்கொண்டார். 1877ஆம் ஆண்டு அவற்றைப் பற்றிய கட்டுரையும் வெளிவந்தது. ஆற்று வண்டலுக்குக் கீழே கடல்மணலும் சங்கு, சிப்பி ஓடுகளும் கிடைத்தன. வயலின் அடியில் கடற்கரை இருந்தது. சொல்லின் வேரைத் தேடிப் பழகிய அறிஞர், ஊரின் வேரையும் அவ்வாறே தேடினார் எனலாம்.

1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு செய்தது. கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், முதுமக்கள் தாழிகள், செங்கற் கட்டுமானம், உறைகிணற்றின் சுடுமண் வளையங்கள், சிப்பி ஓடுகள் ஆகியவை வெளிப்பட்டன. இங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆய்ந்தபோது, அதன் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மீண்டும் அகழாய்வு நடந்தது. செங்கற் கட்டுமானங்களும், ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்களும் அப்போது கண்டறியப்பட்டன.

இத்தனை சான்றுகளும் சிறு சிறு குழிகளிலிருந்து கிடைத்தவை. மக்கள் குடியிருக்கும் ஊரில் வீடுகளின் இடைவெளியிலும் தோட்டத்து மூலையிலும்தான் அகழ்வோருக்கு இடம் கிடைக்கிறது. முழுமையாக அகழ்ந்தால் வரலாறு தெளியும்; வயலும் வீடும் போகும். அகழாமல் விட்டால் புதிய வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும் கிணறு வெட்டும்போதும் பழைய ஓடுகள் உடைந்து மண்ணோடு மண்ணாகும். பாண்டியர் வாழ்ந்த மண் என்னும் பெருமை, அம்மண்ணில் உழுது வாழ்வோருக்குச் சோறு போடுவதில்லை. இதற்கு எளிய விடை இல்லை. தோண்டும்போது கிடைப்பதை உடைக்காமல் உரியவர்களுக்குத் தெரிவிக்கும் பழக்கம் ஊரில் வேரூன்றுவது ஒரு தொடக்கமாகலாம்.

முத்தும் மூச்சும்

கொற்கையைப் புகழ்பெறச் செய்தது முத்து. மதுரைக்காஞ்சி, அகநானூறு, ஐங்குறுநூறு முதலிய நூல்கள் கொற்கை முத்தைப் போற்றுகின்றன. பெரிப்ளூஸ் தரும் செய்தி சற்று வேறானது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கு முத்துக் குளிக்கப்பட்டது என்கிறது அந்நூல். முத்தின் ஒளியைப் புலவர் பாட, முத்துக்காகக் கடலுள் இறங்கியவன் யார் என்பதை அயல்நாட்டு வணிகன் குறித்துவைத்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே கொற்கையின் முழு உருவம் கிடைக்கிறது.

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் ஆங்காங்கே பாறைத் தளங்கள் உள்ளன. அவற்றைப் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பிகள் அப்பார்களில் ஒட்டிக் கூட்டமாக வாழும். குளிப்பவர் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு விரைந்து கீழிறங்குவார். இடுப்பிலோ கழுத்திலோ கட்டிய வலைப்பையில் கைக்கெட்டிய சிப்பிகளைச் சேர்ப்பார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். ஒருமுறை மூழ்கி எழ ஏறத்தாழ ஒரு நிமிடம். இத்தொழிலில் உயிரின் ஒருமுனை கடலடியிலும் மறுமுனை மற்றொருவர் கையிலும் இருந்தது. ஆகவே நம்பிக்கைக்கு உரிய நெருங்கிய உறவினரே கயிறு பிடிக்க வேண்டும் என்று குளிப்போர் விரும்பினர்.

சுறாமீனுக்கு அஞ்சிய குளிப்போர், ‘கடல்கட்டி’ எனப்பட்டவரின் மந்திரத்தை நம்பினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ, இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு மந்திரம் ஓதுவோர்க்கும் சென்றது என்கிறார். குளித்தவருக்கு எஞ்சியது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம். சிப்பிதோறும் முத்து இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தாலும் விலைபோகும் முத்துகள் சிலவே கிடைக்கும்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழிலும் அன்று. பல ஆண்டுகள் பார்கள் வெறிதே கிடக்கும். பின் திடீரெனச் சிப்பி பெருகும். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதன்பின் பெருமளவில் நடைபெறவில்லை. 1973ஆம் ஆண்டு தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். ஆய்வகத்தில் முத்து பிறந்தது. பார்களில் பழைய வளம் திரும்பவில்லை. முத்துநகர் என்னும் பெயரைச் சுமந்து நாள்தோறும் சென்னைக்கு ஓடும் தொடர்வண்டியில், முத்துக்குளித்தலைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே பயணம் செய்வர்.

தெரிந்து தெளிவோம்

தூத்துக்குடிப் பரதவர் வாழ்வைக் களமாகக் கொண்டு ஜோ டி குரூஸ் எழுதிய புதினத்தின் பெயர் ‘கொற்கை’. 2009ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல் 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கொற்கையின் துறைமுகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது போலவே, அதன் பெயரும் இலக்கியத்தில் தூத்துக்குடிக்கு நகர்ந்தது.

துறைமுகம் நடந்த வழி

கொற்கையிலிருந்து கடலை விலக்கியது எதிரிப்படையன்று, தாமிரபரணி ஆறு. பொருநை என இலக்கியம் போற்றும் இந்த ஆறு பொதிகையில் பிறந்து, 120 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கடல் சேர்கிறது. மலைச்சரிவில் வேகமாக வரும் நீர் மண்ணைச் சுமந்து வரும். சமவெளியில் வேகம் குறையும். கடலைத் தொடும் இடத்தில் நின்றே போகும். நின்ற நீரால் சுமக்க இயலாது. ஆகவே மண் படியும். ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு மெல்லிய அடுக்கு. ஒரு தலைமுறைக்கு அது கண்ணில் படாது. நூற்றாண்டுகள் கடந்தபோது கழி தூர்ந்து சேறாயிற்று. சேறு உயர்ந்து வயலாயிற்று. மரக்கலங்கள் நுழைய ஆழம் இன்றிப் போயிற்று.

வணிகர்கள் கடலைத் தொடர்ந்து கிழக்கே நகர்ந்தனர். அடுத்து எழுந்த காயல்துறைக்கு அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ வியந்து எழுதினார். அத்துறையையும் ஆறு விட்டுவைக்கவில்லை. காயல் பழையகாயல் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் ஆற்றுமுகத்துப் புன்னைக்காயல் சிறந்தது. அன்றிக் அடிகளார் தமிழில் எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586ஆம் ஆண்டு அங்குதான் அச்சேறியது. தமிழ் அச்சு வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்ற அவ்வூர், துறைமுக வரலாற்றில் நிலைக்கவில்லை.

இறுதியில் துறைமுகம் ஆற்றை விட்டே விலகியது. தூத்துக்குடியில் பெரிய ஆறு எதுவும் கடலில் கலக்கவில்லை. எதிரே உள்ள தீவுகள் அலையின் வேகத்தைத் தடுத்தன. 1658இல் டச்சுக்காரர் கைக்கு வந்த அவ்வூர் பின் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1974ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் துறைமுகத்தில், கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் அலைதடுப்புச் சுவர்கள் உள்ளன. கொற்கை கடலைத் தன்னிடம் வர விட்டது. தூத்துக்குடி கடலுக்குள் கையை நீட்டிப் பிடித்தது.

துறைமுகத்தை அழித்த அதே வண்டல்தான் கொற்கைக்கு நெல்லையும் வாழையையும் தந்தது. அவ்வூரின் இன்றைய பசுமை, பழைய கொற்கையின் இறுதியிலிருந்து முளைத்தது. ஆதலால் அதன் அழகைப் பார்க்கும்போது இழப்பை எண்ணி வருந்துவதா, விளைச்சலைக் கண்டு மகிழ்வதா என்னும் கேள்வி எழவே செய்யும். கொற்கை உழவரைக் கேட்டால் அவர் கடலைப் பற்றிப் பேசமாட்டார்; வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்றே பேசுவார்.

இன்றும் ஓயாத ஆறு

ஆறு தன் வேலையை முடித்துவிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. திருவைகுண்டம், ஏரல் வட்டார ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. வாழைத்தோட்டங்கள் சாய்ந்தன, கால்நடைகள் மாண்டன, வீடுகளுக்குள் சேறு புகுந்தது. நூற்றாண்டுகளாக மெல்ல நிகழ்ந்ததை ஆறு இரண்டு நாளில் செய்து காட்டியது போன்றிருந்தது.

கடற்பக்கம் நிகழ்வது இதற்கு நேர்மாறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லியும், கீழக்கரைக்கு அருகிலிருந்த பூவரசன்பட்டியும் நீருள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தது அத்தீவுகளின் அரணைக் குலைத்தது. ஆற்றோரம் கடல் நிலமாகிறது. சில கல் தொலைவில் நிலம் கடலாகிறது. பழைய துறைமுகத்தின் எஞ்சிய தடயங்கள் கடலுக்கடியிலும் இருக்கலாம் என்னும் எண்ணத்தில், கொற்கைக் கடற்பகுதியில் ஆழ்கடலாய்வு மேற்கொள்ளப்படும் என 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கொற்கையிலிருந்து ஆற்றின் போக்கில் கீழே சென்றால் சேர்ந்தபூமங்கலம் வரும். பொதிகையடியில் ஆற்றில் விடப்பட்ட பூ வந்து சேர்ந்த இடம் என்று அவ்வூர்க் கோயிலின் கதை கூறும். அதற்கும் அப்பால் புன்னைக்காயல். அங்கே ஆறு கடலைத் தொடுகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதைத் தூர்வாரிப் படகுகளுக்கு வழி செய்துதர வேண்டும் என்பது அவ்வூர் மீனவர்களின் கோரிக்கை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வட்டாரத்து ஊர்ப்பெயர்களுள் காயல், காடு, குளம், துறை, மேடு போன்ற நிலச்சொற்கள் அமைந்தவற்றைத் தொகுக்க. அப்பெயர் குறிக்கும் நிலம் இன்றும் அங்கு உள்ளதா என்பதை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. ‘பழைய ஊரை அகழ்ந்தறிய வேண்டும்’, ‘வாழும் ஊரைக் கலைக்கலாகாது’ என்னும் இரு கருத்துகளையும் முன்வைத்துக் கொற்கையைக் களமாகக் கொண்டு வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. குளிப்பவரும் கயிறு பிடிப்பவரும் படகில் உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.